கண்டுபிடிப்பா, பட்டறை வேலையா? - ஒரு கிளிப்புக்காக நடந்த தேடல்

ஐயம்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது. தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். என் தாய்மாமா வீடும் அங்கேதான். நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாமாவுக்கு என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல இருக்கான், அவனுக்கு எல்லாம் தெரியும்' என்பது அவருடைய கணக்கு.

சென்ற முறை போனபோது மாமா ஒரு கருவியை எடுத்து என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்.

"மாப்ளே, இதுக்கு பேடன்ட் கிடைக்குமா? ஒருத்தர் வந்து கட்டாயம் கிடைக்கும்னு சொல்றார். நாற்பதாயிரம் ரூபாய் ஆகும்ங்கிறார். பாதியை இப்பவே கட்டணுமாம்."

நாற்பதாயிரம் என்பது ஒரு நெசவாளர் வீட்டில் சின்னப் பணம் இல்லை. 'கட்டாயம் கிடைக்கும்' என்ற வார்த்தையும் எனக்கு உறுத்தியது. காப்புரிமையில் யாரும் அப்படிச் சொல்ல முடியாதே! "ரெண்டு வாரம் டைம் குடுங்க மாமா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டு வாரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ யாராவது ஒரு புதுக் கருவி செய்திருந்தால் உங்களுக்கும் இது பயன்படும்.

அப்படி என்ன கருவி அது?

தறியில் துணி நெய்யும்போது அது இரண்டு பக்கமும் உள்ளே சுருங்கப் பார்க்கும். சுருங்கினால் ஓரத்து இழைகள் அச்சில் உரசி அறுந்துபோகும். அதனால் துணியின் அகலத்தை விரித்துப் பிடிக்க ஒரு குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். அதன் இரு முனைகளிலும் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும். அவற்றைச் சேலையின் இரு ஓரங்களிலும் குத்தி நிறுத்துவார்கள். கொஞ்சம் நெய்ததும் பிடுங்கி, முன்னால் நகர்த்தி, மறுபடி குத்த வேண்டும். ஒரு சேலை முடிவதற்குள் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆங்கில நெசவுப் புத்தகங்களில் இந்தக் குச்சிக்கு 'டெம்ப்பிள்' என்று பெயர். கோயில் நகரத்துப் பக்கத்தில் இப்படி ஒரு பெயர்! (இந்தப் பெயர் தேடும்போது என்னைப் படுத்திய பாட்டைப் பிறகு சொல்கிறேன்.) இந்தக் கட்டுரையில் 'விரிப்புக் குச்சி' என்று வைத்துக்கொள்வோம்.

ஊசி குத்திய இடத்தில் ஓட்டை விழும். பட்டில் அது லேசில் மறையாது. மாமா செய்ததில் மூன்று விஷயங்கள் இருந்தன.

1. ஊசிக்குப் பதிலாக இரு முனைகளிலும் கிளிப். உள்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டியது. துணி உள்ளே இழுக்க இழுக்கக் கிளிப் இன்னும் இறுகும்.

2. குச்சியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க, சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கும் லீவர்.

3. கிளிப்பிலிருந்து அச்சை நோக்கி நீளும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. கூடவே, குச்சியை அச்சுப் பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு ரப்பர் கயிறு. பலகை வந்து ஊடையை அடிக்கும்போது தகட்டில் இடிக்கும். அந்த ஒரு கணம் கிளிப் மயிரிழை திறக்கும். குச்சி ஒரு இழை அளவு முன்னால் நகரும். பலகை திரும்பியதும் கிளிப் மூடிக்கொள்ளும்.

அதாவது, குச்சி தானாகவே நடந்து போகிறது! கிளிப் திறக்கும் அந்தக் கணத்தில் துணி சுருங்கிவிடாதா என்று கேட்டேன். மாமா சிரித்தார். "அடிக்கிற நேரத்துல அச்சே துணி ஓரத்துல வந்து நிக்குதுல்ல? அகலத்தை அதுதான் புடிச்சிருக்கு. அப்ப கிளிப்புக்கு என்ன வேலை?"

காப்புரிமை அலுவலகம் கேட்கும் மூன்று கேள்விகள்

இந்தியாவில் காப்புரிமைக்கான சட்டம் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். அதன்படி ஒரு கண்டுபிடிப்பு மூன்று சோதனைகளில் தேற வேண்டும். அது புதியதா? தொழிலில் பயன்படுமா? அதில் 'கண்டுபிடிப்புப் படி' இருக்கிறதா?

பயன்பாடு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. புதுமைக்கும் கண்டுபிடிப்புப் படிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலர் குழம்புகிறார்கள்.

புதுமை என்பது நேரான ஒப்பீடு. உங்கள் கருவியில் உள்ள எல்லா அம்சங்களும் ஏற்கெனவே ஒரே ஆவணத்திலோ ஒரே கருவியிலோ இருந்தால் அது புதியது அல்ல. ஒன்றாவது மாறியிருந்தால் புதியது. இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் குச்சி அப்படியே வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

கண்டுபிடிப்புப் படி அப்படி அல்ல. சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு அதை வரையறுக்கிறது. 2005-இல் திருத்தப்பட்ட அந்த வரையறையின் சாரம் இதுதான்: இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அத்துடன், அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது 'வெளிப்படையாகத் தோன்றக்கூடியதாக' இருக்கக் கூடாது.

இங்கே ஒரே ஆவணம் என்ற கட்டுப்பாடு கிடையாது. இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். 'இதையும் அதையும் தெரிந்த ஒரு தொழிலாளி தானாகவே இதைச் செய்திருப்பானா?' என்று கேட்கலாம். மெக்கானிக்கல் கருவிகளுக்கு இதுதான் பெரிய சோதனை. ஏனென்றால் நெம்புகோல், திருகு, ஸ்பிரிங், கிளிப் எல்லாமே பழையவை. இவற்றைச் சேர்த்துத்தான் யாரும் எதையும் செய்ய முடியும்.

அப்படியானால் எந்தச் சேர்க்கை கண்டுபிடிப்பு, எந்தச் சேர்க்கை வெறும் பட்டறை வேலை? இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், ஒரு பொருளைப் பிடித்து நிறுத்தும் கருவியைப் பற்றிய வழக்கில்தான் வந்தது.

மிர்சாப்பூர் பாத்திர வழக்கு

உத்தரப் பிரதேசத்தில் உள்ள மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டு நிறுவனம் இருந்தது. தட்டு போன்ற ஆழமில்லாத பாத்திரங்களை லேத்தில் சுழலவிட்டுச் சுரண்டி மெருகேற்ற வேண்டும். பழைய முறையில் பாத்திரத்தை லேத்தின் ஹெட்ஸ்டாக்கில், அதாவது சுழலும் தலைப்பக்கத்தில், ஒட்டியோ தாடையில் மாட்டியோ நிறுத்துவார்கள். எதிர்ப்பக்கம் தாங்கல் இருக்காது. வேகமாகச் சுற்றும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

இந்த நிறுவனம், எதிர்ப்பக்கமான டெயில்ஸ்டாக்கிலிருந்து ஒரு தண்டால் அழுத்தி, பாத்திரத்தை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் அமைப்பைச் செய்தது. 1951-ஆம் ஆண்டு முதல் செல்லும்படியாக 1953-இல் காப்புரிமையும் பெற்றது. வேலை வேகமானது, பாதுகாப்பும் கூடியது. விஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற நிறுவனமும் அதே முறையைப் பயன்படுத்துகிறது என்று வழக்குப் போட்டது. எதிர்த்தரப்போ, 'இதில் கண்டுபிடிப்பே இல்லை, காப்புரிமையையே ரத்து செய்யுங்கள்' என்று திருப்பிக் கேட்டது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, காப்புரிமை செல்லும் என்றது. கடைசியில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதியின் முடிவே சரி என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர்.எஸ். சர்க்காரியா.

காரணம் என்ன? டெயில்ஸ்டாக்கால் ஒரு பொருளை அழுத்திப் பிடிப்பது லேத் உலகில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அதைக் கொஞ்சம் மாற்றிப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது பட்டறை மேம்பாடுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றது நீதிமன்றம்.

கவனியுங்கள். கருவி பயனில்லாதது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பயன் இருந்தும் காப்புரிமை போனது.

தீர்ப்பில் ஒரு சோதனையும் இருக்கிறது. துறையின் பொது அறிவு உள்ள, திறமையான ஒரு தொழில்வல்லுநரைக் கற்பனை செய்யுங்கள். அவர் முன் அதே பிரச்சினை இருக்கிறது. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பழைய ஆவணத்தை அவர் கையில் கொடுத்தால், 'அட, எனக்கு வேண்டியது இதில் இருக்கிறதே' என்று சொல்வாரா? சொல்வார் என்றால் அது வெளிப்படையானது. தெரிந்த பொருள்களை வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்பதையும் தீர்ப்பு தெளிவாக்கியது. இன்றைய சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் இதையே சொல்கிறது: தெரிந்த கருவிகள் தத்தம் வேலையைத் தனித்தனியே, தெரிந்த முறையிலேயே செய்தால், அவற்றை அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு அல்ல.

அமெரிக்கக் கலப்பையின் கிளாம்ப்

அமெரிக்காவிலும் இதே கேள்விக்கான முக்கியத் தீர்ப்பு ஒரு கிளாம்ப் வழக்கில்தான் வந்தது! வில்லியம் கிரஹாம் என்பவர் கல் நிறைந்த நிலத்தில் உழும் கலப்பைக்கு ஒரு கிளாம்ப் செய்தார். கலப்பைக் காலில் கல் இடித்தால் கால் மேலே எழும்பி, தாண்டி, மறுபடி இறங்கும். கலப்பை உடையாது. 1950-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். அந்த அமைப்பில் ஒரு பகுதி தேய்ந்துகொண்டே இருந்தது. எனவே காலைத் தகட்டின் மேலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு மாற்றினார். அதற்கு 1953-இல் இன்னொரு காப்புரிமை வாங்கினார்.

இந்த இரண்டாவது காப்புரிமை பற்றி அமெரிக்காவின் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதிரெதிராகத் தீர்ப்புச் சொன்னன. ஒன்று செல்லும் என்றது, இன்னொன்று செல்லாது என்றது. 1966 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று முடித்துவைத்தது. தேய்மானப் பிரச்சினையைப் பார்க்கும் ஒரு சாதாரணத் தொழில்வல்லுநர் மேல் கீழாக மாற்றிப் போடத்தான் செய்வார் என்பது காரணம்.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்த பாடம் வேறு. கீழே மாற்றியதால் கால் முழு நீளத்துக்கும் வளைந்து கொடுக்கிறது, அதுதான் பெரிய பலன் என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். ஆனால் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்த காகிதங்களில் அந்தப் பலனைச் சொல்லவே இல்லை! பிறகு யோசித்துச் சொன்ன காரணம் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. ஆக, உங்கள் கருவியின் உண்மையான சூட்சுமம் எதுவோ அதை முதல் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் ஓடும் பேட்டரி

'எல்லாமே பழசுதான்' என்றால் எல்லாக் காப்புரிமையும் போய்விடுமா? இல்லை. கலப்பை வழக்கின் தீர்ப்பு வந்த அதே நாளில் அதே நீதிமன்றம் ஆடம்ஸ் என்பவரின் பேட்டரிக்குக் கொடுத்த காப்புரிமை செல்லும் என்றது. அதில் ஒரு முனை மக்னீசியம், மறுமுனை குப்ரஸ் குளோரைடு. தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் வரும். இரண்டு பொருளும் முன்பே தெரிந்தவைதான். ஆனால் அந்தக் காலத்து அறிவு, 'இப்படிச் செய்தால் சரிப்பட்டு வராது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நிபுணர்கள் முதலில் நம்பவில்லை. எதிர்பாராத பலன் வந்தது.

ஆகவே இரண்டு அடையாளங்களைத் தேட வேண்டும். சேர்க்கையிலிருந்து எதிர்பாராத பலன் வருகிறதா? துறையின் பொது அறிவு அந்த வழியில் போகாதே என்று தடுத்ததா? இரண்டில் ஒன்று இருந்தாலும் உங்கள் வாதத்துக்குப் பலம்.

2007-இல் கேஎஸ்ஆர் - டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. அது காரின் ஆக்ஸிலரேட்டர் பெடலில் எலெக்ட்ரானிக் சென்சாரைச் சேர்த்த கதை. துறை தெரிந்தவர் என்பவர் இயந்திர மனிதர் அல்ல, அவருக்கும் சராசரிக் கற்பனை உண்டு என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். பழைய கருவியில் ஒரு சென்சாரையோ ஒரு சிப்பையோ ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விடை தெரிந்த பிறகு எல்லாம் சுலபம்

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை ஒரு பிழை மூன்று நாள் ஆறு பேரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரு பெண் கண்டுபிடித்தார். தேதியை மாற்றும் இடத்தில் நேர மண்டலத்தை விட்டிருந்தார்கள். ஒரே வரிதான். அந்த வரியைப் பார்த்ததும் எல்லோரும் சொன்னது என்ன தெரியுமா? "அட, இது தெரிஞ்ச விஷயம்தானே!" மூன்று நாளாக யாருக்கும் தெரியாமல் இருந்ததை ஒரே நிமிடத்தில் மறந்துவிட்டார்கள்.

கண்டுபிடிப்புப் படியைத் தீர்மானிக்கும்போது வரும் பெரிய ஆபத்து இதுதான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே சுலபமாகத் தெரியும். அதனால்தான் சட்டம் கடிகாரத்தைப் பின்னால் திருப்பச் சொல்கிறது. விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதியில் நிற்க வேண்டும். அன்று வரை உலகத்துக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக் கேட்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடுவது எப்படி?

இதற்குப் பணம் தேவையில்லை. இன்டர்நெட் இணைப்பும் பொறுமையும் போதும்.

முதலில், பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'ரப்பர் ஒட்டிய கிளிப்' என்று எழுதாதீர்கள், அது விடை. 'துணியின் ஓரத்தைக் காயப்படுத்தாமல் அகலத்தைப் பிடிப்பது' என்பதுதான் பிரச்சினை.

இரண்டாவது, கூகுள் பேடன்ட்ஸ், ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட், நம் நாட்டுக் காப்புரிமை அலுவலக வெப்சைட்டில் உள்ள இன்பாஸ் ஆகிய மூன்றிலும் தேடுங்கள். மூன்றும் இலவசம்.

மூன்றாவது, சொல்லை மட்டும் நம்பாதீர்கள். 'டெம்ப்பிள்' என்று தட்டினால் மூக்குக்கண்ணாடியின் பக்கவாட்டுக் கம்பி வருகிறது, மனிதனின் நெற்றிப்பொட்டு வருகிறது, கோயிலும் வருகிறது! எனக்கு ஒரு ராத்திரி முழுக்க வீணாகப் போனது. காப்புரிமைகள் எல்லாவற்றுக்கும் நூலகப் புத்தகம் மாதிரி வகைப்பாட்டு எண் உண்டு. தறியின் விரிப்புக் குச்சிக்கான எண் டி03ஜே 1/22. பொதுவான கிளாம்ப்களுக்கு பி25பி 5. இந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கோயில்கள் மறைந்து தறிகள் மட்டும் வரும். உங்கள் கருவிக்குச் சரியான எண் தெரியவில்லையா? அதைப் போன்ற ஒரு காப்புரிமையை முதலில் கண்டுபிடியுங்கள். அதன் முதல் பக்கத்தில் எண் இருக்கும்.

நான்காவது, பக்கத்துத் துறைகளிலும் பாருங்கள். நெசவில் இல்லாதது சாயப் பட்டறையில் இருக்கலாம். எனக்கு அங்கேதான் அதிர்ச்சி காத்திருந்தது.

ஐந்தாவது, படங்களைப் பாருங்கள். பழைய காப்புரிமைகளின் எழுத்து தேடலில் சரியாகச் சிக்காது. படம் ஒரு நொடியில் கதையைச் சொல்லிவிடும்.

ஆறாவது, ஒரு அட்டவணை போடுங்கள். எக்ஸெல் போதும். இடது பக்கம் உங்கள் கருவியின் ஒவ்வொரு அம்சம். மேலே ஒவ்வொரு பழைய ஆவணம். எது எதில் இருக்கிறதோ அங்கே டிக் அடியுங்கள். கடைசியில் டிக் இல்லாத வரிசை எது என்று பாருங்கள். உங்கள் சொத்து அதுதான்.

மாமாவின் அட்டவணை

முதல் வரிசை: ஊசிக்குப் பதில் கிளிப். துணி ஆலைகளில் ஈரத் துணியை அகலமாக விரித்துக் காய வைக்கும் ஸ்டென்டர் என்ற இயந்திரம் உண்டு. அதில் இரண்டு வகை: ஓரத்தை ஊசியால் பிடிப்பது ஒன்று, கிளிப்பால் பிடிப்பது இன்னொன்று. இழுக்க இழுக்க இறுகும் கிளிப்பும் அங்கே பழசு. ஊசி ஓட்டை போடுகிறது என்று கவலைப்படும் ஒரு நெசவுத் துறைப் பொறியாளருக்கு, ஸ்டென்டர் கிளிப் ஞாபகம் வராதா? வரும். மிர்சாப்பூர் சோதனையில் 'எனக்கு வேண்டியது இதில் இருக்கிறதே' என்றுதான் அவர் சொல்வார். டிக்.

இரண்டாவது வரிசை: சைக்கிள் லீவர். இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். நீளத்தை மாற்றி இறுக்குவதுதான் சைக்கிளிலும் அதன் வேலை, இங்கேயும் அதுவேதான். கிளிப்புக்கும் லீவருக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமும் இல்லை. 3(எஃப்) பிரிவுக்குப் பாடப்புத்தக உதாரணம். டிக்.

மூன்றாவது வரிசை: தானாக நடக்கும் குச்சி. தானாக வேலை செய்யும் விரிப்புக் கருவி புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஐரா டிரேப்பர் என்பவர் 1816-லேயே அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைய விசைத்தறிகளில் முள் வைத்த உருளைகளும் ரப்பர் உருளைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் கருவி தறியோடு நிற்கிறது, துணி உருளையைச் சுழற்றிக்கொண்டு நகர்கிறது. மாமாவுடையதில் துணி நிற்கிறது, கருவி நடக்கிறது. கைத்தறியில் துணியைச் சுற்றும் இடைவெளி வேறு, அதனால் இந்த வித்தியாசம் முக்கியம்.

அதைவிட முக்கியம், கிளிப்பை எப்போது திறப்பது என்ற முடிவு. விரிப்புக் குச்சியின் வேலையே துணியை விடாமல் பிடிப்பது. நெய்துகொண்டிருக்கும்போதே, அதுவும் அடி விழும் நேரத்தில், பிடியைத் தளர்த்து என்றால் யாரும் தயங்குவார்கள். அந்த நேரத்தில் அச்சு அகலத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று கண்டதால்தான் மாமாவுக்கு அது சாத்தியமானது. தகடு, கிளிப், ரப்பர் கயிறு மூன்றும் இங்கே ஒன்றையொன்று நம்பி வேலை செய்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் வீண்.

இதை எதிர்த்து வாதாட முடியாதா? நிச்சயம் முடியும். பலகையின் அசைவால் பிற பாகங்களை இயக்குவது தறியில் சகஜம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். 19-ஆம் நூற்றாண்டு விசைத்தறிக் காப்புரிமைகளைத் தோண்டும். நான் எஸ்பேஸ்நெட்டில் சில நூறு படங்களைப் பார்த்தேன். அவ்வளவுதான். அனுபவம் உள்ள ஒரு காப்புரிமை முகவர் அதைவிட ஆழமாகப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் இரண்டைப் போல இது உடனே விழுந்துவிடாது என்பது மட்டும் என் முடிவு.

"அப்ப கிளிப்பு என்னுது இல்லையா?"

இரண்டு வாரம் கழித்து ஐயம்பேட்டைக்குப் போய் அட்டவணையைக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. கிளிப்பைத்தான் அவர் பெருமையாக நினைத்திருந்தார். அதைச் செய்யத்தான் ஒரு வருடம் ஆனது. மூன்றாவது விஷயம் ஒரே நாளில் தோன்றியதாம்.

"அப்ப கிளிப்பு என்னுது இல்லையா?"

"கிளிப்பை நீங்கதான் செஞ்சீங்க மாமா. ஆனா வேற யாரும் செய்யக் கூடாதுன்னு சொல்ல முடியாது."

எத்தனை நாள் உழைத்தோம் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உழைப்பு ஒரு வருடமானாலும் பலன் வெளிப்படையானது என்றால் வெளிப்படையானதுதான். ஒரே நாளில் தோன்றியது என்பதாலும் யோசனை மட்டமாகிவிடாது. மாமாவிடம் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஏற்கெனவே போட்டோ போட்டிருந்தார்! விண்ணப்பம் போடும் முன் நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்டால், அதுவே உங்களுக்கு எதிரான பழைய ஆவணம் ஆகிவிடும். சட்டத்தில் உள்ள விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. நல்லவேளை, போட்டோவில் கிளிப் மட்டும்தான் இருந்தது. தகடு வீட்டுத் தறியை விட்டு வெளியே போகவில்லை.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். கிளிப்பையும் லீவரையும் விட்டுவிடுவது. நடக்கும் அமைப்புக்கு மட்டும் தற்காலிக விண்ணப்பம் போடுவது. அடி விழும் நேரத்தில் ஏன் திறக்கிறது என்ற காரணத்தையும் படத்தோடு அதிலேயே எழுதினோம். கலப்பைக்காரர் செய்த தவறு நமக்கு வேண்டாமே! நாற்பதாயிரம் கேட்டவருக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகுதான். இல்லாவிட்டால் இந்த இதழே மாமாவுக்கு வினையாகியிருக்கும்.

பெட்டிச் செய்தி: செலவு எவ்வளவு? யாரைக் கேட்கலாம்?

* தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முகவர் கட்டணம் தனி.
* தற்காலிக விண்ணப்பம் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தவறினால் கைவிட்டதாகிவிடும்.
* பரிசோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். தனிநபருக்கு ஆன்லைனில் 4,000 ரூபாய்.
* காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு.
* தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.
* பள்ளி, கல்லூரி சாராத எளிய கண்டுபிடிப்பாளர்களுக்குத் தேசியப் புத்தாக்க நிறுவனம் உதவுகிறது. போச்சம்பள்ளிப் பட்டுக்கு நூல் சுற்றும் 'லட்சுமி ஆசு' இயந்திரம் செய்த சிந்தகிந்தி மல்லேசம் அப்படி உதவி பெற்றவர். அம்மாவின் தோள்வலியைப் பார்த்து அந்த இயந்திரத்தைச் செய்தவர் அவர். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார்.
* சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு: வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை. 3(கே) பிரிவைப் படியுங்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

காப்புரிமை கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. பரிசோதகர் எங்கள் அட்டவணையில் இல்லாத ஒரு ஆவணத்தை எடுத்துப் போடலாம். அப்படிப் போட்டால் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம். 1,600 ரூபாயில் இவ்வளவு தெளிவு கிடைத்ததே போதும் என்கிறார் மாமா. கிளிப்பை என்ன செய்தார் தெரியுமா? அதே வாட்ஸ்அப் குரூப்பில் அளவுகளையும் போட்டுவிட்டார். பக்கத்துத் தெருவில் இரண்டு தறிகளில் இப்போது ஊசி இல்லாத குச்சிதான் ஓடுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கருவி இருந்தால், பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள், வகைப்பாட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள், அட்டவணை போடுங்கள். டிக் விழாத வரிசை ஒன்றாவது மிஞ்சினால், அதை யாரிடமும் காட்டாமல் முதலில் ஒரு காப்புரிமை முகவரிடம் போங்கள்.